கக்கூஸ்: ஒரு டச்சுச் சொல்லும் எங்கள் சந்தைப் பூட்டும்

எங்கள் ஊராட்சித் தலைவர் சந்தைப் பெண்களுக்காகக் கட்டிய கக்கூஸைப் பூட்டி, சாவியைத் தன் வீட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். கட்டி முடித்தாயிற்று, வெள்ளையடித்தாயிற்று, மோட்டார் லைன் கொடுத்தாயிற்று. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு பெண்ணையும் உள்ளே விடவில்லை.

நான் அந்த ஊராட்சியில் வார்டு உறுப்பினர். சந்தைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன். திருவரங்குளத்திலிருந்து டவுன் பஸ் ஏறினால் எங்கள் சந்தை வாசலில் இறங்கலாம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. கெட்ட பெயர் ஊருக்கு வேண்டாம், அவருக்குப் போதும்.

கிராம சபையில் மைக்கை வாங்கி, "அந்தக் கக்கூஸை எப்பத் தொறப்பீங்க?" என்று கேட்டேன். தலைவர் சிரித்தார். "நாலு பேரு இருக்குற சபையில பொம்பளை பேசுற வார்த்தையா இது? கழிப்பறைன்னு நல்ல தமிழ்ல கேளுங்க. அப்புறம் பதில் சொல்றேன்" என்றார். கூட்டமும் சிரித்தது. யாரோ மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். அடுத்துத் தெருவிளக்கு பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

கழிப்பறை நல்ல சொல்தான். அதோடு எனக்குச் சண்டை இல்லை. பூட்டிய கழிப்பறையோடுதான் சண்டை. எங்கள் சந்தையில் மாரிக்கண்ணு என்று ஒருத்தி பலாப்பழம் அறுத்து விற்கிறாள். விடியும் முன்பே வந்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டாள். "ஒரு டீ குடிடி" என்றால், "வேணாங்க, குடிச்சுப்புட்டு எங்கிட்டுப் போறது?" என்பாள். தண்ணீரும் குடிக்க மாட்டாள். போன பலாக் காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடக்கி அடக்கிச் சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். இன்னொரு தடவை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் திரும்பவும் அதே இடத்தில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே புதுக் கக்கூஸ் பூட்டிக் கிடக்கிறது.

இந்த நிலையில்தான் நான் நெதர்லாந்து போனேன். என் தங்கை வனிதாவுக்குப் பிரசவம். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் அக்கா போக வேண்டியதாயிற்று. அவள் இருப்பது தி ஹேக் என்ற ஊர். கடையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, பூண்டும் மிளகும் சுக்கும் பெட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போய் இறங்கிய அன்று முதலில் தேடியது எதை என்று சொல்லத் தேவையில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறை. உள்ளே திரும்பினால் முட்டி சுவரில் இடிக்கும். தண்ணீர்க் குழாய் இல்லை. காகிதம்தான். எதிர்ச்சுவரில் ஒரு காலண்டர். கிழமை கிடையாது, தேதிக்கு நேரே ஆட்களின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அதில் என் பெயரும் இருந்தது.

வெளியே வந்து, "என்னடி, எம் பேரைக் கொண்டாந்து கக்கூஸ்ல மாட்டியிருக்கே?" என்று சத்தம் போட்டேன்.

வனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒன் பொறந்த நாளுக்கா அது. இந்த ஊருக்காரங்க வீட்டுல எல்லாம் இப்படித்தான். தெனம் போயி உக்கார்ற எடம்ல? பாத்துக்கிட்டே இருந்தா மறக்காதாம். வேண்டப்பட்டவங்க பேரை மட்டும்தான் எழுதுவாங்க."

மறுநாள் கடைக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி ஒன்று வாங்கி வந்து அந்தக் காலண்டருக்குக் கீழே வைத்தேன். அந்த வீட்டில் என் முதல் சீர்திருத்தம் அதுதான்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்ததால், வனிதாவின் வீட்டுக்காரர் என்னை ஆம்ஸ்டர்டாம் கூட்டிப்போனார். அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். புதுக்கோட்டைப் பையன்தான், திருக்கோகர்ணத்துக்காரர். ரயில் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. பாதி வழியில் நின்றது. சிக்னல் கோளாறு என்று அறிவித்தார்கள். எல்லாரும் வாயைத் திறக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம்மூர் ரயிலாக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் கீழே இறங்கி டிரைவரிடம் நியாயம் கேட்டிருப்பார்கள். எனக்கு அவசரம் வந்துவிட்டது. "தம்பி, அது எங்கிட்டு இருக்கு?" என்றேன். அவர் தயங்கினார். "இந்த வண்டியில இல்லைக்கா. கிட்டத்து ஊருக்குப் போற வண்டி சிலதுல வைக்க மாட்டாங்க."

இத்தனை பெரிய பணக்கார நாடு. ரயிலில் கக்கூஸ் இல்லை.

ஆம்ஸ்டர்டாம் ஸ்டேஷனில் இருந்தது. ஆனால் வாசலில் கண்ணாடித் தடுப்பு. அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். தம்பி ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டிருந்தார். நான் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தடுப்புக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது சீருடை போட்ட ஒரு பெண் தம்பியிடம் கண்டிப்பாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?"

"அடுத்த தடவ காசு கட்டிட்டுப் போகச் சொல்லுங்கன்னு சொல்றாங்கக்கா."

"வயசாளி, அடக்க முடியலன்னு சொல்லுங்க. எனக்கு வயசாகலன்னு பாத்தாலே தெரியும். ஆனாலும் சொல்லுங்க."

அவர் என்ன சொன்னாரோ, அவள் சிரித்துவிட்டு அட்டை கேட்காமல் போய்விட்டாள்.

கால்வாய்க் கரையில் மதியச் சாப்பாடு. ஊறவைத்த பச்சை மீன், மேலே பொடிப்பொடியாக வெங்காயம். வாலைப் பிடித்து அண்ணாந்து வாயில் விட்டுக்கொள்கிறார்கள். நான் வெங்காயத்தை மட்டும் தின்றேன். தம்பி கொஞ்ச தூரம் போய், கரையோரத்தில் பச்சை வண்ணம் பூசிய இரும்புத் தகட்டு வளைவு ஒன்றுக்குள் நுழைந்தார். கீழே கால் தெரிகிறது, மேலே தலை தெரிகிறது. நடுவில் இருப்பது மட்டும் மறைந்திருக்கிறது. ஆண்களுக்கு. காசு கிடையாது, தெருவுக்குத் தெரு இருக்கிறது.

"பொம்பளைங்களுக்கு?"

"இந்த மாதிரி இல்லைக்கா. ஏதாவது கடைக்குள்ள போவாங்க."

"ஏன், இந்த ஊருப் பொம்பளைங்களுக்கு வராதா?"

நான் கேட்ட சத்தத்தில் பக்கத்து பெஞ்சில் மீன் தின்றுகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். என்னவென்று தம்பியிடம் கேட்டாள். அவர் கூச்சத்தோடு மொழிபெயர்த்தார். அவள் வாயில் இருந்த மீனை விழுங்கிவிட்டுச் சொன்னதை அவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கேட்டால் கடைக்குப் போ என்கிறார்கள். கடைக்காரன் காபி வாங்கு என்கிறான். காபி குடித்தால் மறுபடியும் வருகிறது."

மொழி தெரியாத ஊரில் எனக்கு அன்று ஒரு கூட்டாளி கிடைத்தாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வனிதாவுக்கு ஆண் குழந்தை. அந்த நாட்டில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு செவிலிப்பெண் வருகிறாள். குழந்தையைக் குளிப்பாட்டி, தாயைப் பார்த்து, வீட்டையும் கொஞ்சம் ஒழுங்கு செய்துவிட்டுப் போவாள். வந்தவள் பெயர் அன்னலீஸ். ஆறடி உயரம், ஆள் கலகலப்பு. முதல் நாளே வட்டமான ரஸ்க் எடுத்து, வெண்ணெய் தடவி, மேலே நீலமும் வெள்ளையுமாக எதையோ தூவி நீட்டினாள். பிள்ளை பிறந்த வீட்டில் இதைத்தான் கொடுப்பார்களாம். கடித்தால் நம்மூர் ஓட்டலில் பில் தட்டில் வைக்கிற சோம்பு மிட்டாய்! அதை ரஸ்க்கில் ஒட்ட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எங்கள் கடையில் செய்தால் ஓடும்.

நான் குழந்தையின் துணியைப் பிரித்துப் பார்த்து, "கக்கா போயிட்டாண்டி" என்று வனிதாவிடம் சொன்னேன். அன்னலீஸ் சட்டென்று நிமிர்ந்தாள். அவளுக்கு அது புரிந்துவிட்டது. வனிதா நடுவில் நின்று மொழிபெயர்க்க, பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. கக்கூஸ் என்று எங்கள் ஊரில் சொல்வதையும், அதற்காக நான் சபையில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொன்னேன்.

அன்னலீஸ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். அவள் முகம் சிவக்கச் சிரித்தாள்.

அது அவர்கள் சொல்தான். 'கக்' என்றால் மலம். 'ஹூஸ்' என்றால் வீடு. இப்போது ஊர் முழுக்க அந்த 'ஹூஸை' வாயைக் கோணி வேறு மாதிரி உச்சரிக்கிறார்கள். ஆனால் அன்னலீஸ் கடலோரம் சீலாந்து என்ற மாகாணத்துக்காரி. அங்கே பழைய ஆட்கள் இன்றும் 'ஊஸ்' என்றுதான் சொல்வார்களாம். சொல்லின் முதலில் வரும் ஹகரத்தையும் விழுங்கிவிடுவார்களாம். அவள் தன் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினாள். எங்கள் சந்தையில் மாரிக்கண்ணு சொல்வது மாதிரியே இருந்தது.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "வேலை செய்யும் வீட்டில் நான் இதைச் சொல்லக் கூடாது. இது ரொம்பக் கொச்சை."

"அப்ப நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"டாய்லெட்" என்றாள்.

அன்று குழந்தை தூங்கியபின் வனிதா போனில் தேடித்தேடிப் படித்துக் காட்டினாள். எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. டாய்லெட் டச்சுச் சொல்லும் இல்லையாம். பிரெஞ்சுக்காரன் ஒப்பனை மேசைமேல் விரித்த சின்னத் துணிக்குப் பெயர். அதை எடுத்து இதற்கு வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் டச்சுக்காரர்கள் 'நல்ல அறை' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்களாம். 'வீட்டிலேயே சின்ன அறை' என்றும் சொல்வார்களாம். ஜெர்மன்காரனிடமும் இந்த 'கக்' இருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபோன டச்சுக்காரர்களின் பேச்சில் இன்றும் திட்டுகிற வார்த்தையாக இருக்கிறது. ஆங்கிலக்காரனும் ஆதியில் இதே சொல்லைத்தான், அதே வீட்டோடு சேர்த்து வைத்திருந்தான். பிறகு நாகரிகம் வந்து தலைமுழுகிவிட்டான். லத்தீன் வரைக்கும் வேர் போகிறது. நம் குழந்தைகள் சொல்லும் கக்காவுக்கும் அதற்கும் உறவு சொல்ல முடியாதாம், அது எந்த ஊர்க் குழந்தை வாயிலும் வரக்கூடிய சத்தமாம்.

நாகப்பட்டினத்தில் கோட்டை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் டச்சுக்காரர்கள். கொச்சியிலும் இலங்கையிலும் ஜாவாவிலும் இருந்தார்கள். போன இடமெல்லாம் இந்த வீட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மலையாளத்தில் கக்கூஸ்தான். பத்தியச் சமையலுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போன இலங்கைத் தமிழர் கடையில் இதைச் சொன்னேன். கடைக்காரர், "எங்கட பக்கமும் கக்கூஸ்தான் அக்கா. சிங்களத்தில கக்குஸ்ஸிய எண்டுவினம்" என்றார். காய்ந்த மிளகாய் எடுத்துக்கொண்டிருந்த இந்தோனேசியப் பெண் ஒருத்தி காதைத் தீட்டி, அவரிடம் டச்சில் கேட்டுத் தெரிந்துகொண்டு, "கக்குஸ்!" என்று கூவினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இப்ப அப்பிடிச் சொன்னால் மரியாதை இல்லையாம். சின்ன அறை எண்டுதான் சொல்ல வேணுமாம்."

பல் விளக்குவது மாதிரி ஒரு சாதாரணக் காரியம். அதற்கு எத்தனை ஒளிவு. நம்மூரிலும் அதே கதை. கொல்லைக்கு என்றோம், ஒதுங்க என்றோம். உள்ளூர்ச் சொல்லைச் சொல்லக் கூசித்தான் டச்சுக்காரன் சொல்லைக் கடன் வாங்கியிருப்போம், துரை வீட்டுச் சொல் என்று. அது நாறியதும் லெட்ரின், பாத்ரூம், டாய்லெட். இப்போது ரெஸ்ட் ரூம். ஓய்வு எடுக்கிற அறையாம். இடத்தைக் கழுவாமல் சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தால் எந்தச் சொல்லும் நாறத்தான் செய்யும். ஒன்று கவனித்திருக்கிறேன். கக்கூஸ் என்று சபையில் சொல்லக் கூசுகிற அதே ஆட்கள், அதைக் கழுவ இன்னொருவரைக் கூப்பிடும்போது மட்டும் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள்.

திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். வெயில் முகத்தில் அடித்தது. டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரி என் பெட்டியைப் பார்த்து, "எந்த ஊருக்குப் போயிட்டு வாரீங்க? ஒரே குளிரா?" என்று ஆரம்பித்து, இறங்குவதற்குள் என் தங்கைக்கு எத்தனை நாள் வலி எடுத்தது என்பது வரை கேட்டுவிட்டாள். அந்த வாயில்லாத ரயிலுக்கு இது எவ்வளவோ மேல்.

சந்தையில் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று மட்டும் சேர்ந்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் கறுப்புக் கல் ஒன்றைப் பதித்திருந்தார்கள். 'திறந்து வைத்தவர்' என்று வெட்டியிருந்தது. அதற்குக் கீழே வெறுமை.

தலைவர் அன்று சாயங்காலம் என் கடைக்கு டீ குடிக்க வந்தார். "என்ன மெம்பரே, வெளிநாடெல்லாம் போயிட்டு வந்துட்டீங்க" என்றார். நான் கல்லைக் காட்டினேன். கூட்டம் இல்லாததால் உண்மையைச் சொன்னார்.

"நான் என்னம்மா பண்றது? தொறந்து வைக்கப் பெரிய மனுசங்க ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க. பஸ் ஸ்டாப்புக்குக் கூப்பிட்டேன், ஓடி வந்தாங்க. ஹைமாஸ் லைட்டுக்கு ரெண்டு பேரு சண்டை போட்டாங்க, எம் பேரு மேல வரணும், ஒம் பேரு கீழ வரணும்னு. இதுக்குக் கேட்டா, 'யோவ், எம் பேரைப் போயி அதுலயா போடப் போற?'ங்கிறாங்க. கல்லை வெட்டிட்டு நிக்கிறேன்."

"நீங்களே தொறக்க வேண்டியதுதானே?"

"நல்லா இருக்கே! அப்புறம் ஊருக்குள்ள எனக்குப் பேரே கக்கூஸ் தலைவருன்னு ஆயிரும்."

அந்தச் சொல்லை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். கொச்சையாகத் தெரியவில்லை, நன்றாகத்தான் சொன்னார்.

"அப்ப எம் பேரைப் போடுங்க. நெதர்லாந்துலயே எம் பேரைக் கக்கூஸ்லதான் மாட்டி வச்சிருக்காங்க. எனக்குக் கூச்சமில்ல."

"வார்டு மெம்பர் பேரைக் கல்லுல போடுற வழக்கம் இல்லீங்க" என்றார். டீக்குக் காசு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு கதவு திறக்காமல் கிடந்ததற்கு இதுதான் காரணம். கட்டடத்தில் குறை இல்லை, தண்ணீரிலும் குறை இல்லை. கல்லில் போட ஒரு பெயர் இல்லை. அந்தப் பெயருக்காக மாரிக்கண்ணு தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த சந்தை நாளில் அவளுக்கு மறுபடியும் குளிர் எடுத்தது. வெயிலில் உட்கார்ந்துகொண்டு நடுங்கினாள். நான் கடையை விட்டு இறங்கி, "எந்திரிடி" என்றேன். பூக்காரி சகாயமேரி வந்தாள். கீரைக்காரிகள் வந்தார்கள். மாரிக்கண்ணு தன் தராசின் எடைக்கல்லைக் கையில் எடுத்தாள். "மெம்பரம்மா, கேஸ் வந்தா?" என்றாள். "வரட்டும்" என்றேன். பூட்டு லேசில் உடையவில்லை. சகாயமேரி, "தலைவரு வீட்டுப் பூட்டுகூட இம்புட்டுப் பெருசு இல்லடி" என்றாள். உடைந்தது.

மாரிக்கண்ணுதான் முதலில் போனாள். உள்ளேயிருந்து, "தண்ணி வருதுடியோய்!" என்று கத்தினாள். வெளியே வரிசையில் நின்ற பெண்கள், "சீக்கிரம் வாடி, அங்கயே குடியிருக்கப் போறியா?" என்று கூச்சல் போட்டார்கள். அன்று அந்தப் பெண்களுக்கு மட்டுமே இரண்டு தடவை டீ போட்டேன்.

மறுநாள் காலையில் புதுப் பூட்டு. அது மட்டுமில்லை. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என்மேலும் மாரிக்கண்ணுமேலும் சகாயமேரிமேலும் போலீஸில் புகார். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். மாரிக்கண்ணு காய்ச்சலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டோம். அவள் இப்போது மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

தலைவரே, பூட்டை உடைத்தது நாங்கள்தான். எந்தக் கோர்ட்டிலும் சொல்கிறோம். பதிலுக்கு நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். என் கடையில் டீ குடித்துக்கொண்டு இல்லை. அடுத்த கிராம சபையில், மைக்கைப் பிடித்து, ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது. கழிப்பறை என்று சொல்லுங்கள், கக்கூஸ் என்று சொல்லுங்கள், டச்சுக்காரனின் நல்ல அறை என்று சொல்லுங்கள், உங்கள் விருப்பம். பொதுச் சொத்து என்று புகாரில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பொதுவில் மாரிக்கண்ணு இருக்கிறாளா, இல்லையா?